தொட்டியின் தீராந்தி

அத்தியாயம் 7: கண்ணாடித் தொட்டியின் மேல்பட்டிகளை மாற்றியமைத்தல்

யாழ்ப்பாணத்துப் பழைய ஓட்டு வீடுகளில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குக் குறுக்கே கிடக்கும் பெரிய மரத்தைத் தீராந்தி என்கிறோம். போர்த்துக்கேய மொழியிலிருந்து நம் பேச்சில் கலந்த சொல் அது. கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளும். தீராந்தி அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். கறையான் அரித்த தீராந்தியை மாற்ற வரும் தச்சர் முதலில் முட்டுக் கொடுப்பார். முட்டு நின்ற பிறகுதான் வாளைக் கையில் எடுப்பார்.

மீன்தொட்டியின் மேல்வாயில் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே ஒட்டப்பட்டிருக்கும் ஒடுங்கிய கண்ணாடித் துண்டு செய்வதும் இதே வேலைதான். கை விட்டுக் கழுவ அது இடைஞ்சல். விளக்கு வெளிச்சத்தை மறைக்கிறது. பெரிய மரவேர் ஒன்றை உள்ளே இறக்க விடுவதில்லை. அதனால் பலர் அதைக் கழற்றிவிட நினைக்கிறார்கள். கழற்றலாம், இடம் மாற்றலாம், வேறு பட்டி வைக்கலாம். ஆனால் வேலை முழுவதையும் ஒரு விதி ஆள வேண்டும்: பாரத்தை ஏற்கப் புதியது தயாராகும்வரை பழையதை அறுக்கக் கூடாது.

தண்ணீர் எப்படித் தள்ளுகிறது

நம் ஊரில் அதிகம் காணப்படும் 4 அடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 120 சென்ரிமீற்றர், அகலமும் உயரமும் 45 சென்ரிமீற்றர். விளிம்புக்குச் சற்றுக் கீழே, 42 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் முன் கண்ணாடியை அது வெளியே தள்ளும் மொத்த விசை ஏறத்தாழ 105 கிலோவின் பாரத்துக்குச் சமம். இரண்டு மூட்டை சீமெந்து இரவும் பகலும் அந்தக் கண்ணாடியில் சாய்ந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தள்ளல் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. தொட்டி முன்னிருந்து பின்னாக எவ்வளவு அகலம் என்பது இதில் கணக்கே இல்லை. உயரம் 45 இலிருந்து 60 சென்ரிமீற்றர் ஆகும்போது தண்ணீர் மட்டம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு. தள்ளல் கூடுவதோ முக்கால் பங்குக்கும் மேல். உயரமான தொட்டி நீளமான தொட்டியைவிட ஆபத்தானது என்று அனுபவக்காரர் சொல்வது இதனால்தான்.

அழுத்தம் மிகக் கூடுதலாக இருப்பது அடியில். ஆனால் அடியில் கண்ணாடியைத் தளக் கண்ணாடி பிடித்திருக்கிறது. இரு பக்கங்களிலும் பக்கக் கண்ணாடிகள் பிடித்திருக்கின்றன. பிடியில்லாமல் இருப்பது மேல்விளிம்பு மட்டுமே. ஆகவே கண்ணாடி மேல்விளிம்பின் நடுவில்தான் அதிகம் வெளியே வளைகிறது. அந்த இடத்தைப் பிடிப்பதற்காகவே பட்டிகள் வைக்கப்படுகின்றன.

முந்தைய காலத் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டம் இருந்தது. கண்ணாடியை அதற்குள் புட்டி வைத்துப் பொருத்தினார்கள். 1960களில் சிலிக்கன் பசை வந்த பிறகே கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டிச் சட்டமில்லாத தொட்டி செய்வது வழக்கமாயிற்று. சட்டம் போனாலும் அது சுமந்த பாரம் போகவில்லை. அந்தப் பாரம் இப்போது சில கண்ணாடித் துண்டுகளிலும் சில மில்லிமீற்றர் சிலிக்கனிலும் இருக்கிறது.

இருவகைப் பட்டிகள்

முதலாவது குறுக்குப் பட்டி. முன்னையும் பின்னையும் நடுவில் இணைப்பது. 120 சென்ரிமீற்றர் நீளத்தை இரண்டு 60 ஆக அது பிரித்துவிடுகிறது. ஒரு சட்டத்தின் பிடியில்லாத நீளம் பாதியானால் அதன் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஒரு சாண் அகலம்கூட இல்லாத துண்டு இவ்வளவு வேலை செய்வது இப்படித்தான். நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் அந்தத் துண்டைத் தண்ணீர் இழுக்கும் விசை, பருமட்டான கணக்கில், 20 கிலோ.

இரண்டாவது விளிம்புப் பட்டி. முன் கண்ணாடியின் உள்முகத்தில் மேலே, நீளம் முழுவதும், கிடையாக ஒட்டப்படும் பட்டி; பின் கண்ணாடிக்கும் அதேபோல் ஒன்று. தட்டையாகக் கிடக்கும் இந்தப் பட்டியை அதன் அகலத் திசையில் வளைப்பது கடினம். அகலம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும். எனவே விளிம்புப் பட்டிக்கு உயிர் அதன் அகலம். 3 சென்ரிமீற்றர் அகலத்தில் அழகுக்கு ஒட்டிய பட்டி மீன் துள்ளி வெளியே விழாமல் காக்கலாம், கண்ணாடியைக் காக்காது.

முதலில் அளவெடுங்கள்

தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போதே மூன்று அளவுகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: கண்ணாடியின் தடிப்பு, தண்ணீரின் உயரம், முன் கண்ணாடியின் வளைவு.

வளைவை அளக்க மேசன்மார் நூல் பிடிக்கும் முறை போதும். ஒரே தடிப்புள்ள இரண்டு சிறு துண்டுகளை, 10 மில்லிமீற்றர்க் கண்ணாடித் துண்டுகளாக இருந்தால் நல்லது, முன் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மேல்விளிம்பின் இரு அந்தங்களிலும் வைத்து அவற்றின் மேல் நூலை இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி 10 மில்லிமீற்றர் என்றால் கண்ணாடி நேராக நிற்கிறது. 8 என்றால் 2 மில்லிமீற்றர் வளைந்திருக்கிறது. 4 அடித் தொட்டிக்கு நான் வைத்திருக்கும் எல்லை 2 மில்லிமீற்றர். அதைத் தாண்டிய தொட்டியில் தண்ணீரைக் குறைத்துவிட்டுத்தான் அடுத்த யோசனை.

மாற்றலாமா, கூடாதா

*பட்டி கழன்றுவிட்டது.* உடனே தண்ணீரைப் பாதிக்குக் குறையுங்கள். தண்ணீர் பாதியானால் மேல்விளிம்பில் வரும் சுமை எட்டில் ஒன்றாகிவிடும். பிறகு ஆறுதலாக ஒட்டலாம்.

*பட்டியே இல்லை, கண்ணாடி வளைகிறது.* விளிம்புப் பட்டிகளும் ஒரு குறுக்குப் பட்டியும் சேருங்கள்.

*குறுக்குப் பட்டியை அகற்ற விருப்பம்.* 4 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டிக்கு இப்படிச் சொல்வேன். கண்ணாடி 6 மில்லிமீற்றர் என்றால் அகற்றாதீர்கள். 8 மில்லிமீற்றர் என்றால் 8 சென்ரிமீற்றர் அகலத்தில் இரு விளிம்புப் பட்டிகள் ஒட்டி, குறுக்குப் பட்டியை உங்களுக்கு வசதியான பக்கம் சற்று நகர்த்துங்கள். முற்றாக எடுக்க வேண்டாம். 10 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால் அதே விளிம்புப் பட்டிகளோடு குறுக்குப் பட்டியை எடுக்கலாம். 3 அடி நீளம், 40 சென்ரிமீற்றர் உயரம் உள்ள 8 மில்லிமீற்றர்த் தொட்டிக்கு 6 சென்ரிமீற்றர் அகல விளிம்புப் பட்டிகள் போதும்.

*இன்னும் உயரமாகத் தண்ணீர் வைக்க விருப்பம்.* மேலே துண்டு ஒட்டி உயர்த்தாதீர்கள். மேல்பட்டி அடி ஒட்டின் சுமையைத் தீர்க்காது. உயரமான தொட்டி வேண்டுமென்றால் தடித்த கண்ணாடியில் புதிதாகச் செய்விப்பதே வழி.

*கண்ணாடியில் வெடிப்போ, மூலையில் தெறிப்போ இருக்கிறது.* பட்டி வேலையை மறந்துவிட்டு அந்தக் கண்ணாடியை மாற்றுங்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், கொக்குவிலில் இருந்த வீட்டில், 6 மில்லிமீற்றர்க் கண்ணாடியிலான 4 அடித் தொட்டியின் குறுக்குப் பட்டியை நானே அறுத்தெடுத்தேன். இரவு பாதி வரை தண்ணீர் விட்டுப் பார்த்தேன், அசையாமல் நின்றது. அந்த நம்பிக்கையில் காலையில் நிரப்பினேன். பின்னேரம் முன் மூலை ஒட்டில் ஒரு துளி. துடைத்துவிட்டுப் போனேன். நடுச்சாமத்தில் ஒட்டுப் பிரிந்து 200 லீற்றருக்கு மேல் அறைக்குள் பாய்ந்தது. ஈரச் சீமெந்துத் தரையில் துடித்த மீன்களை ரோச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டோம். பாதிக்கு மேல் தப்பவில்லை. பாதித் தண்ணீரில் மேல்விளிம்புக்கு எட்டில் ஒரு பங்குச் சுமைதான் வருகிறது என்ற கணக்கை அன்று நான் அறிந்திருக்கவில்லை. பாதியில் நின்ற தொட்டி முழுமையில் நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வாங்க வேண்டியவை

*கண்ணாடி.* 8 மில்லிமீற்றர்ச் சாதாரணக் கண்ணாடி. கடையில் “மீன்தொட்டிக்கு ஒட்டப் போறன், நாலு விளிம்பும் தீட்டித் தாங்கோ” என்று சொல்லிக் கேளுங்கள். தீட்டாத விளிம்பு கையையும் வலையையும் கிழிக்கும். அதிலுள்ள சிறு தெறிப்புகளிலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். விளிம்புப் பட்டியின் நீளம் தொட்டியின் உள்நீளத்தைவிட 4 மில்லிமீற்றர் குறைவாக இருக்கட்டும். இரு அந்தங்களிலும் சிலிக்கனுக்கு இடம் வேண்டும். பேர்ஸ்பெக்ஸ் துண்டை மாற்றாகப் பாவிக்காதீர்கள். சிலிக்கன் அதில் உறுதியாகப் பிடிப்பதில்லை.

*சிலிக்கன்.* மீன்தொட்டிக்கு உகந்தது என்று குறிப்பிட்ட, நூறு வீதச் சிலிக்கன் ஒரு குழாய். ஒட்டும்போது வினாகிரி மணம் வருவது இந்த வகைக்கு இயல்பு. குளியலறைக்கும் குசினிக்கும் விற்கும் பூஞ்சணத் தடுப்புச் சேர்த்த சிலிக்கனை வாங்காதீர்கள்; அந்த மருந்து மீனைக் கொல்லும். காலாவதித் திகதியைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பழைய குழாய் காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். முதலில் ஒரு கழிவுக் கண்ணாடியில் சிறு கோடு இழுத்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் மேலே தோல் பிடிக்காவிட்டால் அந்தக் குழாய் வேண்டாம்.

*மற்றவை.* சிலிக்கன் துப்பாக்கி, புதிய பிளேட்டுகள், மாஸ்கிங் ரேப், அசற்றோன் அல்லது சேர்ஜிக்கல் ஸ்பிரிட், நூல் பிரியாத வெள்ளைத் துணி, முட்டுக் கொடுக்க எஸ்லோன் பைப் துண்டுகள், 1 மில்லிமீற்றர்த் தங்கூசி ஒரு முழம். குருநகர்ப் பக்கம் வலைச் சாமான் விற்கும் கடைகளில் தங்கூசியைத் தடிப்புச் சொல்லி வாங்கலாம்.

நாளும் இடமும்

சிலிக்கன் காய்வது காற்றிலுள்ள ஈரத்தால். நம் காற்றில் அதற்குக் குறைவில்லை. நமக்கு எதிரி தூசி. சோளகம் வீசும் மாதங்களில் விறாந்தையில் வைத்து ஒட்டினால் துடைத்த கண்ணாடியில் ஒட்டுவதற்குள் மண் படிந்துவிடும். கதவு சாத்திய அறையில், காலை வேளையில் செய்யுங்கள். ஒட்டி முடித்த பிறகு மணம் போக யன்னலைத் திறந்துவிடலாம்.

தொட்டியை வெறுமையாக்காமல் நகர்த்தக் கூடாது. 4 அடித் தொட்டி, தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர 300 கிலோவைத் தாண்டும். மேசை மட்டமாக இருக்கிறதா என்று இரசமட்டம் வைத்துப் பாருங்கள். அடியில் ரெஜிபோம் இல்லையென்றால் இதுதான் போடத் தருணம். மேசை முறுகியிருந்தால் மேலே எந்தப் பட்டியும் அந்தத் தொட்டியைக் காப்பாற்றாது.

மீன்களை அதே தொட்டித் தண்ணீரோடு ஒரு பரலுக்கு மாற்றி, காற்றுப் பம்பைப் போடுங்கள். பில்டர்ப் பஞ்சைக் காயவிடாதீர்கள். அதுவும் பரலுக்குள் ஓடிக்கொண்டிருக்கட்டும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் வாழ்கின்றன. வேலை முடிய இரண்டு கிழமைக்கு மேலாகும் என்பதை மனதில் வைத்துப் பரலின் அளவைத் தீர்மானியுங்கள். மின்சாரம் நின்றால் உதவ மின்கலத்தில் ஓடும் பம்ப் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

வேலை

1. தொட்டியை வெறுமையாக்கி உலரவிடுங்கள். பழைய குறுக்குப் பட்டி இருந்தபடியே இருக்கட்டும். ஒட்டுக் காயும்வரை இரு கண்ணாடிகளையும் சரியான இடைவெளியில் பிடித்திருக்கப்போவது அதுதான்.

2. புதிய விளிம்புப் பட்டிக்கு இடம் குறியுங்கள். பழைய குறுக்குப் பட்டிக்குச் சற்றுக் கீழே, அதைத் தொடாமல் வரட்டும். கோட்டுக்கு மேலும் கீழும் மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள்.

3. அந்த இடத்தில் பழைய சிலிக்கன் இருந்தால் பிளேட்டால் முழுவதும் வழியுங்கள். காய்ந்த சிலிக்கன் மேல் புதிய சிலிக்கன் உறுதியாகப் பிடிக்காது. இந்த வேலை தோற்கும் இடங்களில் முதலாவது இது. வழித்த இடத்தில் ஈர விரலை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் படர்ந்தால் கண்ணாடி சுத்தம். துளித்துளியாகத் திரண்டால் இன்னும் சிலிக்கன் இருக்கிறது.

4. நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருவது. பாவித்த தொட்டியின் மேல்விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கும். வினாகிரி நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்டிவைத்துக் கரைத்துக் கழுவுங்கள். காய்ந்ததும் கண்ணாடியையும் பட்டியின் விளிம்பையும் அசற்றோனால் துடையுங்கள். அதன் பிறகு விரல் படக்கூடாது.

5. எஸ்லோன் பைப்பைத் தளத்திலிருந்து பட்டியின் அடிமட்டம் வரையான உயரத்துக்கு வெட்டி, பட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு முட்டு நிறுத்துங்கள். சிலிக்கன் போடுமுன் ஒரு தடவை பட்டியை வைத்து எடுத்து ஒத்திகை பாருங்கள்.

6. பட்டியின் நீள விளிம்பில் இடைவெளி விடாமல் சிலிக்கன் இழுத்து, நான்கைந்து இடங்களில் தங்கூசித் துண்டுகளைக் குத்தென வைத்து அழுத்துங்கள். சிலிக்கனை முழுவதும் பிதுக்கி வெளியேற்றிவிட்டால் ஒட்டு மெலிந்து இழுபடும் தன்மையை இழக்கும். ஒரு மில்லிமீற்றர் எப்போதும் உள்ளே நிற்கும்படி தங்கூசி பார்த்துக்கொள்ளும். அது உள்ளேயே இருக்கலாம்.

7. மேலும் கீழும் பிதுங்கியதை விரலால் ஒரே இழுப்பில் வழித்து, தோல் பிடிக்குமுன் ரேப்பை உரியுங்கள். உங்களுக்கு இருப்பது ஐந்து முதல் பத்து நிமிடம். ஆகவே ஒரு பட்டியை முடித்த பிறகே மற்றதைத் தொடங்குங்கள்.

8. குறுக்குப் பட்டியை இடம் மாற்றுவதென்றால் புதியதை இரு கண்ணாடிகளுக்கும் நடுவே முட்டி ஒட்டாமல், விளிம்புப் பட்டிகளின் மேல் படியும்படி ஒட்டுங்கள். 10 சென்ரிமீற்றர் அகலமும் 6 மில்லிமீற்றர்த் தடிப்பும் உள்ள துண்டை முட்டி ஒட்டினால் ஒட்டும் பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே இரண்டரை சென்ரிமீற்றர் மேலே படியவைத்தால் 25. நான்கு மடங்குக்கும் மேல் பிடி, அதே கண்ணாடியில். இந்த ஒட்டுக்குச் சிலிக்கனை ஒரே பூச்சாகத் தடவாமல் அடுத்தடுத்த கோடுகளாக இழுங்கள். அகன்ற ஒட்டின் நடுவுக்கு ஈரக்காற்றுப் போக வழி வேண்டும்.

9. முட்டுகளை மூன்று நாள் அசைக்காதீர்கள். இரண்டு கிழமை காயவிடுங்கள். வெளியே காய்ந்து தெரியும் சிலிக்கன் உள்ளே பச்சையாக இருக்கலாம். வினாகிரி மணம் இன்னும் வருகிறதென்றால் காயவில்லை என்று அர்த்தம்.

பழையதை எடுப்பது

இப்போதும் அறுக்க வேண்டாம். பழைய பட்டியும் புதியதும் இருக்க, முதலில் ஒருமுறை தண்ணீரை முழுவதும் நிரப்பி ஒரு நாள் வைத்து நூல் பிடித்து வளைவைக் குறியுங்கள். ஒட்டு எங்காவது கசிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்டுப் பழைய பட்டியின் சிலிக்கனைப் பிளேட்டாலும், எட்டாத இடத்தில் மெல்லிய உருக்குக் கம்பியாலும் அறுங்கள். ஸ்குறூட்றைவரை நுழைத்து நெம்ப வேண்டாம். நெம்பிய இடத்தில் விழும் அரிசியளவு தெறிப்பு, ஆறு மாதம் கழித்து வெடிப்பாக ஓடும்.

தண்ணீர் விடுதல்

தொட்டியின் அடியைச் சுற்றிப் பழைய பத்திரிகைக் கடதாசி விரியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டிக் கொடுக்கும்.

முதல் நாள் பாதி. இரண்டாம் நாள் முக்கால். மூன்றாம் நாள் முழுவதும். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் வளைவை அளந்து எழுதுங்கள். முக்காலுக்குப் பிந்திய நாட்களே உண்மையான சோதனை. முழுத் தண்ணீரில் வளைவு 2 மில்லிமீற்றருக்குள் நின்று, மூன்று நாள் தொடர்ந்து அதே எண்ணைக் காட்டினால் வேலை சரி. எண் நாளுக்கு நாள் கூடுகிறதென்றால், அது அரை மில்லிமீற்றராக இருந்தாலும், ஒட்டு இழுபடுகிறது. தண்ணீரை இறக்கிவிடுங்கள். ஒரு துளி கசிந்தாலும் இறக்குங்கள். துடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சோதனைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரோடு பரலிலிருந்த பழைய தண்ணீரையும் கலந்து மீன்களைத் திருப்பி விடுங்கள்.

பிறகு

மாதம் ஒருமுறை நூல் பிடித்துக் கொப்பியில் எழுதுங்கள். பட்டிகளின் மேல் தெறித்துக் காயும் தண்ணீர் வெள்ளையாகப் படியும். அதைப் பிளேட்டால் சுரண்டினால் சிலிக்கனும் சேர்ந்து கிழியும். வினாகிரித் துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், துடைத்தது தொட்டிக்குள் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியில் கை ஊன்றிக் குனியாதீர்கள். விளக்கையோ சாப்பாட்டுப் போத்தலையோ அதன் மேல் ஏற்றிவைக்காதீர்கள். கிடையாக வரும் இழுப்பைத் தாங்கவே அது ஒட்டப்பட்டது, மேலிருந்து வரும் பாரத்தை அல்ல.

தச்சர் முட்டைத் தட்டி எடுக்கும்போது வீட்டார் எல்லோரும் முற்றத்தில் நின்று மேலே பார்ப்பார்கள். புதிய தீராந்தி சத்தமில்லாமல் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். நீங்களும் அந்த மூன்று நாளும் உங்கள் தொட்டியின் முன்னால் நில்லுங்கள், நூலோடும் கொப்பியோடும். உள்ளே விடப்போகும் உயிர்களுக்கு அந்தக் கண்ணாடிதான் வீடு.